பெட்ரோல் டேங்கில் குடியிருந்த பேய்

ஊருக்கு வெளியே, பெட்ரோல் பங்க்குக்குப் பின்பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகைக்கு முன்னால் தினமும் கார்கள் வரிசைகட்டி நின்றன. தானாக ஓடி வந்தவை குறைவு. கயிறு கட்டி இழுத்து வந்தவை, நாலு பேர் வியர்க்க வியர்க்கத் தள்ளி வந்தவை, வழியில் செத்துப் பிழைத்து வந்தவைதான் அதிகம். கார் கெட்டால் பட்டறைக்குத்தானே போகவேண்டும் என்று கேட்கிறீர்களா? நீங்கள் பழைய காலத்து ஆள். இப்போதெல்லாம் எஞ்சினைப் பேய் பிடிக்கிறது. பேயை ஓட்ட ஸ்பானர் வைத்திருப்பவனால் ஆகுமா?

அதற்குத்தான் ஸ்டார்ட் சாமி இருந்தார்.

அவர் பானெட்டைத் திறக்கமாட்டார். ஒரு திருகாணியைக்கூடத் தொடமாட்டார். கண்ணை மூடுவார், காரைச் சுற்றி வருவார், தடியால் பின்பக்கம் தட்டுவார். வண்டி ஸ்டார்ட் ஆகும். இதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. தங்கள் காரின் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ஒரு பேராசிரியர் விடுமுறை நாளில் தவறாமல் வந்து வரிசையில் நிற்பார். வகுப்பில் விசை, கொட்டகையில் ஆவி என்று மனிதர் இரண்டையும் ஒன்றோடு ஒன்று முட்டாமல் பார்த்துக்கொண்டார்.

நம்முடைய வாடகைக் கார் டிரைவர் இந்த வரிசைக்கு வந்தது ஒரு மேம்பாலத்தின் வழியாக.

மத்தியான வெயிலில், பாலத்தின் ஏற்றத்தில் அவருடைய கார் இரண்டு குலுக்கு குலுக்கியது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. அப்புறம் அப்படியே படுத்துவிட்டது. பின்னால் வந்த லாரி அடித்த பிரேக் சத்தத்தில் டிரைவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஓரமாகத் தள்ளிவிட்டு, போகிற வருகிறவர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். பிறகு சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. அந்த வாரத்திலேயே இன்னொரு தரமும் அப்படியே ஆயிற்று.

முதலில் அவர் போனது பட்டறைக்குத்தான். அந்த நல்ல பழக்கம் அப்போது மிச்சமிருந்தது. பட்டறைக்காரர் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பின்சீட்டுக்குக் குனிந்து காதை வைத்தார். உள்ளே ஏதோ ஒன்று இழுத்து இழுத்து முனகியது.

"ஃப்யூயல் பம்ப் போகப்போகுது. டேங்க்குக்குள்ள இருக்கற சின்ன மோட்டார். சூடானா நின்னுடும், ஆறினா ஓடும். நீங்க எப்பவும் முள்ளு சிவப்புலயே நிக்கற மாதிரி ஓட்டறீங்க. பெட்ரோல்தான் அதுக்குக் குளிர்ச்சி. மாத்திடுங்க."

அது உண்மைதான். ஒரு சவாரிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் டிரைவர் பெட்ரோல் போடுவார். டேங்க்கை நிரப்பினால் கைக்காசெல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் கணக்கு. ஆனால் பட்டறைக்காரர் சொன்னது அவருக்கு ரசிக்கவில்லை. பாலத்தில் செத்துப் பிழைத்திருக்கிறோம், இந்த ஆள் ஒரு சின்ன மோட்டார் என்கிறானே! கண்ணை மூடினானா? உடம்பு நடுங்கியதா? குரல்கூட மாறவில்லை. கழுத்தில் கிடந்த அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறான். பெரிய துன்பத்துக்குப் பெரிய காரணம் வேண்டும் என்பது மனித ஆசை. அந்த ஆசையின் முகவரிதான் தகரக் கொட்டகை.

வாசலில் டோக்கன்காரன் இருந்தான். வருகிற எல்லாரிடமும் அவன் மூன்றே கேள்விகள்தான் கேட்பான். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றதா? வெயிலிலும் ஏற்றத்திலும் அதிகமா? ஆறவிட்டால் கிளம்புகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் டோக்கன். பிரேக் பிடிக்கவில்லை, கியர் விழவில்லை என்று வந்தவர்களை, இது ஆவி இல்லை, உங்கள் கர்மா, பட்டறையில் காட்டுங்கள் என்று அனுப்பிவிடுவான். கர்மாவைப் பட்டறையில் சரிசெய்யலாம் என்பதை யாரும் வியக்கவில்லை.

உள்ளே போன வண்டிக்கு முதலில் மௌனம். சாவியைத் தொடக்கூடாது. பின்சீட்டில் ஈரத்துணி விரித்து, கட்டை ஊதுபத்தி ஒன்று முழுசாக எரிந்து தீரும்வரை காத்திருக்கவேண்டும். அடுத்தது, டேங்க் ததும்பப் பெட்ரோல். பேய்க்கு மூச்சு முட்ட வேண்டுமாம். பெட்ரோல் அந்தப் பங்க்கிலிருந்துதான் வரவேண்டும். அது சாமியின் மச்சானுடைய பங்க் என்பது தெய்வச் செயல். கடைசியாகத் தடி. அடியில் ரப்பர் பூண் போட்ட அந்தத் தடியால் சாமி குனிந்து காரின் பின்வயிற்றில் ஓங்கித் தட்டிக்கொண்டே, திருப்பு என்பார். வண்டி பிடித்துக்கொள்ளும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். உண்டியல் மட்டும் அமைதியாக வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

டிரைவரின் காரும் அன்றைக்கு முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாள் நன்றாகவும் ஓடியது. பிறகு ததும்பிய டேங்க் வற்றியது, பழைய வழக்கம் திரும்பியது, முள் சிவப்புக்கு வந்தது. மறுபடியும் வெயில், மறுபடியும் ஏற்றம், மறுபடியும் நடுரோடு. டிரைவர் அலறியடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்.

டோக்கன்காரன் இந்த முறை குசலம் விசாரித்தான். வீட்டில் யார் யார், வண்டியில் தினமும் யார் ஏறுவார்கள் என்றெல்லாம் பாசமாகக் கேட்டான். மனைவி, பிறகு அக்கா என்றார் டிரைவர். அத்தான் இறந்த பிறகு அக்கா தன்னோடுதான் இருக்கிறாள், காலையில் அவளை வேலைக்கு விட்டுவிட்டுத்தான் சவாரிக்குப் போவேன் என்றார். டோக்கன்காரன் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டு வந்தான். சற்று நேரத்தில் சாமிக்கு ஞானதிருஷ்டி வந்தது.

"பின்சீட்டுல தினமும் ஒரு பொம்பளை வந்து உட்கார்றா. புருஷன் இல்லாதவ. நான் ஓட்டின பேயை அவதான் திரும்பக் கூப்பிட்டு மடியில வெச்சுக்கறா."

டிரைவருக்குப் புல்லரித்துவிட்டது. தானே வாசலில் சொன்னது உள்ளேயிருந்து திரும்பி வருகிறது என்று தோன்றவில்லை. அதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்டார். அவள் காரில் ஏறக்கூடாது, கார் நிற்கிற வீட்டிலும் இருக்கக்கூடாது, இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடு, இல்லாவிட்டால் அடுத்த தடவை லாரி பிரேக் பிடிக்காது என்றார் சாமி.

டிரைவரைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். அம்மா அப்பா போனபின் அவரைப் படிக்கவைத்து, லைசென்ஸ் எடுக்கவைத்து, அந்தக் காருக்கு முன்பணம் கட்டியது அந்த அக்காதான். இது அவருக்கு மறக்கவில்லை. மறக்காமலேதான் அன்றைக்கு வீட்டுக்குப் போய், சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்தபடி, சாமி சொல்லிட்டார், நீ கொஞ்ச நாள் வேறே எங்கேயாவது தங்கிக்கோ அக்கா என்றார். பயம் வந்தால் நன்றி ஜன்னல் வழியாகப் போய்விடும் போலிருக்கிறது.

அவருடைய மனைவி கையிலிருந்த கரண்டியை டொக்கென்று வைத்தாள். அண்ணி போவதாயிருந்தால் நானும் பெட்டி கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அக்காவுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. தான் தூக்கி வளர்த்த பிள்ளை தன் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறானே என்பதுதான் பேயைவிட அவளைப் பயமுறுத்தியது. சாமி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல் என்றாள். டோக்கன்காரன் என்ன கேட்டான், எவ்வளவு நேரம் காத்திருந்தாய், தடி எங்கே பட்டது என்று துருவித் துருவிக் கேட்டாள்.

அக்காவுக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் சோதிக்கும் வேலை. அங்கே தினமும் காலையில், நோயாளிகளின் ரத்தத்தை மெஷினில் வைப்பதற்கு முன், சர்க்கரை எவ்வளவு என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு மாதிரியை வைப்பார்கள். மெஷின் சரியாகச் சொன்னால்தான் அன்றைக்கு அதை நம்புவார்கள். தப்பாகச் சொன்னால், அது எவ்வளவு விலை உயர்ந்த மெஷினாக இருந்தாலும் மூலையில் உட்காரவேண்டியதுதான்.

"மெஷினையே சோதிக்காம நாங்க ஒருத்தர் ரத்தத்தைக்கூட அதுல வைக்கமாட்டோம். நீ என்னையே வெச்சுட்டே" என்றாள் அக்கா. பிறகு சொன்னாள்: "வர்ற லீவு நாள்ல நானும் உன்கூட சாமிகிட்ட வர்றேன். உன் சாமி வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டார்னா, அங்கிருந்தே நான் ஏதாவது ஒரு பெண்கள் விடுதிக்குப் போயிடறேன். பெட்டியை எடுத்துட்டே வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு நாள் மட்டும் வண்டிச் சாவியை என்கிட்ட குடு."

சாவியைக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கிற தைரியம் அவரிடம் இல்லை. அடுத்த நாள் கார் வெளியே போய் சாயங்காலம் திரும்பி வந்தது.

குறித்த நாளில் மூவரும் கிளம்பினார்கள். முன்னால் மனைவி, பின்சீட்டில் அக்கா, அவள் மடியில் பெட்டி. டிரைவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தே ஓட்டினார். ஆச்சரியமாக, கார் குதிரைபோல ஓடியது. முள் சிவப்பில்தான் இருந்தது, வெயிலும் இருந்தது, அந்த மேம்பாலத்தில்கூட அது முக்கவில்லை. சாமியை நினைத்த மாத்திரத்தில் பேய் பயந்துவிட்டது என்று டிரைவர் முடிவுகட்டினார். கொட்டகைக்கு ஒரு தெரு முன்னால் அக்கா நிறுத்தச் சொன்னாள். தாகமாக இருக்கிறது, எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிவா என்றாள். அவர் வாங்கிவந்தபோது அக்கா முன்சீட்டுப் பக்கம் குனிந்து, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவருடைய மனைவி தீவிரமாக ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். ஊகூம்.

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி சொன்னது சத்தியம்தான். அக்கா ஏறினாள், வண்டி செத்தது. அதை வாய்விட்டுச் சொல்லாமல் இறங்கித் தள்ளினார். அக்காவும் பெட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள்.

வாசலில் டோக்கன்காரன் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அக்காவே முந்திக்கொண்டு ஆமாம், ஆமாம், ஆமாம் என்றாள். ஈரத்துணி வந்தது. ஊதுபத்தி எரிந்து தீர்ந்தது. மச்சானின் பெட்ரோல் டேங்க்கில் ததும்பியது. சாமி கண்ணை மூடிக் காரைச் சுற்றினார். குளத்தில் விழுந்து செத்த ஒரு கிழவன் உள்ளே இருக்கிறான் என்றார். இடது கால் ஊனம் என்றார். கிழவனைப் பார்த்துவிட்ட மாதிரி கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பேராசிரியர் மூன்றடி.

தடி விழுந்தது. "திருப்பு."

டிரைவர் திருப்பினார். எஞ்சின் வெறுமனே சுற்றியது. சாமி மறுபடியும் தட்டினார், பிறகு அடித்தார், பிறகு மூச்சு வாங்க வாங்க வெளுத்துக் கட்டினார். டேங்க்கில் பள்ளம் விழுந்திருக்கும். எஞ்சின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. சாமியின் நெற்றிச் சாம்பல் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

அவருடைய பார்வை அக்காவிடம் போயிற்று. அந்தப் பொம்பளை இங்கே நிற்கிறவரை கிழவன் இறங்கமாட்டான் என்றார். கூட்டம் முணுமுணுத்தது. அக்கா பணிவாகக் கேட்டாள்: "எவ்வளவு தூரம் போகணும் சாமி?"

வாசலுக்கு வெளியே என்றார். போனாள். வண்டி பிடிக்கவில்லை. ரோட்டுக்கு அப்பால் என்றார். போனாள். பிடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போகவேண்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் டிரைவரின் மனைவிக்கு போன் வந்தது. அவள் அதைச் சத்தமாக வைத்துத் தூக்கிப் பிடித்தாள். "நான் பஸ் ஸ்டாப் தாண்டி ரயில்வே கேட்கிட்ட நிக்கறேன்," என்றது அக்காவின் குரல், "ஸ்டார்ட் ஆயிடுச்சா, இல்லே ரயில் ஏறணுமா?"

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்தக் கொட்டகையில் அதுதான் முதல் சிரிப்பு. சாமி அவனை முறைத்தார்.

அக்கா திரும்பி வந்தாள். நேராகச் சாமிக்கு முன்னால் நின்றாள். வண்டிக்கு என்ன கோளாறு என்று கடைசியாக ஒருதரம் சொல்லுங்கள் என்றாள். சாமி தடியைத் தரையில் ஊன்றி, குளத்துக் கிழவனோடு ஏழு தலைமுறைச் சாபமும் சேர்ந்திருக்கிறது, இது பெரிய பூஜை, பெரிய செலவு என்று அறிவித்தார். கூட்டம் அதைத் தெளிவாகக் கேட்கும்வரை அக்கா பொறுத்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள். ரத்தம் எடுத்து வைக்கிற சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று வெளியே வந்தது. அதற்குள் விரல்நகம் அளவுக்கு நீலமாக ஒன்று கிடந்தது.

"இதுதாங்க உங்க கிழவன். ஃப்யூயல் பம்ப்புக்குக் கரன்ட் போற ஃப்யூஸ். பக்கத்துத் தெருவுல என் கையாலே பிடுங்கினேன். இவ்வளவு நேரமும் கிழவன் என் பையிலதான் இருந்தான். ரயில்வே கேட் வரைக்கும் என்கூட நடந்துட்டு வந்தான், பாவம், ஊனக் காலோட."

முன்கதவைத் திறந்து, டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து ஃப்யூஸைச் செருகினாள். தம்பியைப் பார்த்தாள். "சாவியைப் பாதி மட்டும் திருப்பு. எல்லாரும் ரெண்டு நொடி வாயை மூடிட்டுக் கேளுங்க."

பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு சன்னமான ரீங்காரம் எழுந்து அடங்கியது. அத்தனை நாள் அத்தனை பேர் போட்ட கூச்சலில் ஒருவரும் கேட்டிராத சத்தம். "அதுதான் பம்ப். புதுசு. முந்தாநேத்து பட்டறையில மாத்தினேன். இப்போ முழுசா திருப்பு." கார் ஒரே திருப்பில் கிளம்பியது.

சாமி சும்மா இருந்திருக்கலாம். ஆனால், அது ஒரு வண்டி, மற்ற வண்டிகளை நான் ஓடவைக்கவில்லையா, இவர்களைக் கேள் என்று கையை நீட்டிவிட்டார். கேட்டுவிடலாமே என்றாள் அக்கா. வரிசையில் காத்திருந்த கார்க்காரர்கள் பக்கம் திரும்பி, பூஜைக்கு முன்னால் இப்போதே சாவியைத் திருப்பிப் பாருங்கள் என்றாள்.

முதலில் ஒருத்தரும் அசையவில்லை. பிறகு சிரித்த ஆள் போய்த் திருப்பினான். கிளம்பியது. அடுத்த கார் கிளம்பியது. அதற்கடுத்ததும். மணிக்கணக்காக நிழலில் நின்று ஆறியிருந்த வண்டிகள், ஊதுபத்தி இல்லாமல், சாமி இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. பேராசிரியருடையது மட்டும் அடம்பிடித்தது. அக்கா சரிசெய்திருந்த செருப்பைக் கழற்றினாள். குனிந்து, டேங்க்கின் அடியில் செருப்பின் குதிகாலால் ஓங்கி நாலு போடு போட்டாள். காரும் கிளம்பியது, பேராசிரியரின் காதும் சிவந்தது.

"தேய்ஞ்சுபோன மோட்டாரைத் தட்டினா கொஞ்ச நாளைக்கு ஓடும். தடிக்கும் ஓடும், செருப்புக்கும் ஓடும். இவரு முன்னாடி பட்டறையில வேலை பார்த்தப்போ கத்துக்கிட்ட வித்தை இது, பம்ப் மாத்தின பட்டறைக்காரரே சொன்னாரு. டேங்க் ரொம்பினா மோட்டார் குளிரும், அதுல மச்சானுக்கும் வியாபாரம்." அதுவரை நிதானமாக இருந்த அவள் குரல் இங்கே உடைந்தது. "வாசல்ல மூணு கேள்வி கேட்டு, எது கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சே வெச்சிருக்காரு. தெரிஞ்சே அதை மாத்தச் சொல்லாம திருப்பி ரோட்டுக்கு அனுப்பறாரு. என் தம்பி பின்னாடி வந்த லாரி அன்னிக்கு நிக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்? பேய் பேய்ங்கறீங்களே, இதைவிடப் பேய்த்தனம் எதுங்க?"

டோக்கன்காரனை அதற்குள் காணவில்லை. மச்சான் பங்க்கின் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். உண்டியலைக் கட்டிப்பிடித்தபடி பின்பக்கமாக நழுவிய சாமியைக் கூட்டம் வளைத்துக்கொண்டது. அவர் சாபம் கொடுப்பேன் என்றார். கொடுங்கள், கொடுத்ததோடு பணத்தையும் கொடுங்கள் என்றான் சிரித்த ஆள்.

டிரைவர் இறங்கி வந்தார். அக்காவின் முகத்தை இப்போதுதான் பார்த்தார். பின்சீட்டிலிருந்த பெட்டியை எடுத்து, டிக்கியில் வைத்து, மறுபடி எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். "என்னை மன்னிச்சுடு அக்கா. வீட்டுக்கு வா."

"வீட்டுக்கு வரத்தான் போறேன். அது என் வீடு," என்றாள் அக்கா. "மன்னிக்கறதைப் பத்தி அப்புறம் பார்க்கலாம். நீ ஒருதரம்கூட அந்த ஆளை எதிர்த்துக் கேக்கலையேடா." அவள் முன்கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். தம்பி மனைவி சந்தோஷமாகப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் மக்களைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியிருக்கலாம். கார் நகரும்போது ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஜன்னலில் இரண்டு கையையும் குவித்தார். கண்ணில் நீர். வேறு யாருமில்லை, பேராசிரியர்தான்.

"அம்மா, உங்க கைராசி தெரியாம போச்சு. அந்த நீல ஃப்யூஸ் வெச்சிருந்த குழாயையாவது குடுங்கம்மா. கண்ணாடியில கட்டித் தொங்கவிட்டுக்கறேன், வண்டிக்கு ஒரு பாதுகாப்பா இருக்கும்."

அவருக்குப் பின்னால் நாலைந்து பேர், அம்மா எங்களுக்கும் என்று கை நீட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் அதற்குள் 'ஃப்யூஸ் அம்மா' என்று பெயரும் வைத்துவிட்டான்.

அக்கா காரை நிறுத்தச் சொன்னாள். பேராசிரியரை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"சார், வண்டியில எது கெட்டாலும் கடையில வேற வாங்கி மாட்டிக்கலாம். தோளுக்கு மேல ஒண்ணு வெச்சிருக்கீங்களே, அதுக்கு ஸ்பேர் கிடைக்காது. இன்னும் புதுசாவே இருக்கு, ஒருதரமாவது ஓட்டிப் பாருங்க."